வாங்கில் எல்லோருக்கும் ஒரே கணக்கு: ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் புதிய பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, 2024 செப்ரெம்பர்

மதிப்புக்குரிய தலைமைப் பயிற்சியாளர் கிரெய்க் பெரூபி அவர்களுக்கும், அவரோடு இந்தக் கோடையில் வந்து சேர்ந்த லேன் லம்பேர்ட், மார்க் சவார்ட் ஆகியோருக்கும், முன்பிருந்தே தொடரும் மைக் வான் ரின், கேர்டிஸ் சான்ஃபோர்ட் ஆகியோருக்கும்,

வணக்கம். இந்த மாதம் பயிற்சி முகாம் தொடங்குகிறது. அதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். ஒக்டோபர் வந்துவிட்டால் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் மனதை ஒவ்வொரு பக்கம் இழுக்கும், நிதானமாகக் கதைக்க முடியாது. தமிழில் எழுதக் காரணம், எங்கள் வீட்டில் லீஃப்ஸைப் பற்றித் தமிழில்தான் வாதாடுகிறோம், தமிழில்தான் துக்கப்படுகிறோம். இந்த நகரத்தில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதுதான் நடக்கிறது.

மே 4ஆம் திகதி இரவு என் அம்மாவும் எங்களோடு இருந்து ஆட்டம் பார்த்தார். 1994இல் கனடாவுக்கு வந்தபோது அம்மாவுக்கு ஐஸ் என்றால் வழுக்கி விழுவது ஒன்றுதான் தெரியும். இன்று நடுவர் கையைத் தூக்கிய உடனேயே யாருக்குத் தண்டனை, எத்தனை நிமிடம் என்று எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார். அன்று, பருவம் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கும் பிளே ஒஃப் சுற்றில், பொஸ்ரனோடு ஏழாவது, கடைசி ஆட்டம். மூன்றாம் பகுதியில் எங்கள் நீலாண்டர் கோல் போட்டதும் அம்மா இரண்டு கையையும் கூப்பினார். அந்த முன்னிலை 1 நிமிடம் 21 வினாடிதான் நின்றது. பிறகு மேலதிக நேரம். அதில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பின்சுவரில் பட்டுத் திரும்பிய பக் (ஆட்டத்தின் இறப்பர் வட்டு), தனியே ஓடிவந்த பொஸ்ரனின் பஸ்ரர்நாக்கின் மட்டையில் போய் விழுந்தது.

"முடிஞ்சுதோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓமம்மா."

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், யாரும் தொடாத புட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

பொஸ்ரனோடு ஏழாவது ஆட்டத்தில் இப்படித் தோற்பது எங்களுக்கு நாலாவது தடவை: 2013, 2018, 2019, இப்போது 2024. 2013இல் என் மகனுக்கு ஒன்பது வயது. மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னால் நின்றோம். 82 வினாடி இருக்கும்போது ஒரு கோல், 51 வினாடி இருக்கும்போது இன்னொரு கோல், பிறகு மேலதிக நேரத்தில் எல்லாம் முடிந்தது. அன்று அவன் உடுத்திருந்த லீஃப்ஸ் நீலச் சட்டையைக் கழற்றாமலே நித்திரையாகிப் போனான். இப்போது அவனுக்கு இருபது. இந்த மே மாதம் அவன் அழவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான், விடியும்போதுதான் வந்தான். அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இத்தனை வருடமாக என் மனதில் கிடக்கும் ஒரே விடயத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். இந்த அணிக்குத் திறமை குறையவில்லை. ஒஸ்ரன் மத்தியூஸ் போன பருவத்தில் 69 கோல் போட்டவர். உங்களுக்கு முன் இருந்த ஷெல்டன் கீஃப் கெட்டிக்காரர், நல்ல மனிதர். 2021-22இல் இந்த அணி தன் வரலாற்றிலேயே ஆகக் கூடிய 115 புள்ளிகளை எடுத்தது அவர் கையில்தான். ஆனால் அவர் இருந்த காலம் முழுவதிலும் பிளே ஒஃப் சுற்றில் வென்ற தொடர் ஒன்றே ஒன்று, 2023இல் ரம்பாவோடு. அதுவே 2004க்குப் பிறகு முதலாவது. குறை எங்கே என்று கேட்டால் நான் சொல்லக்கூடியது இதுதான்: வாங்கில், அதாவது ஐஸில் இறங்கும் முறைக்காக ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் இருக்கையில், இருக்கிற எல்லோருக்கும் ஒரே கணக்கு இருக்கவில்லை.

பொஸ்ரன் தொடரை எடுத்துக்கொள்வோம். ஏழு ஆட்டத்தில் மொத்தம் 12 கோல். எதிரணியில் ஓர் ஆள் தண்டனைப் பெட்டியில் இருக்க எங்களுக்கு 21 தடவை பவர் பிளே கிடைத்தது, அதில் ஒரே ஒரு கோல். இருபத்தொன்றில் ஒன்று! பருவம் முழுக்க லீக்கின் நல்ல பவர் பிளேக்களில் ஒன்றாக இருந்தது இது. ஒரு தடவை பிழைத்தால் துரதிர்ஷ்டம் என்று விடலாம். பத்தாவது, பதினைந்தாவது தடவையும் முதலில் ஐஸில் இறங்கியவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள், பக் சுற்றி வந்ததும் அதே வட்டம். குறைந்த நேரமே இறங்கும் மூன்றாவது, நாலாவது வரிசையில் ஆடும் ஒருவர் ஒரு பக்கை இழந்துவிட்டால் அடுத்த பத்து நிமிடம் வாங்கில்தான் இருப்பார். பெரிய பெயர்காரர் அதே பிழையை விட்டால் அடுத்த முறையும் தன் நேரத்துக்கு இறங்குவார். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சுண்ணாம்பு பட்ட கண் எரிவது ஒரு பக்கம். வெண்ணெய் வைத்த கண்ணும் சரியாகப் பார்க்காது என்பதைத்தான் நாங்கள் வருடம் வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் பணமும் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. வரப்போகும் பருவத்தில் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்ச அளவு 88 மில்லியன் டொலர். மத்தியூஸ், நீலாண்டர், ரவாரஸ், மார்னர் ஆகிய நாலு பேருக்கும் சேர்த்து 46 மில்லியனுக்கு மேல் போகிறது. பாதிக்கு மேல் நாலு பேர். அந்தக் கணக்கை எழுதியது நீங்கள் இல்லை, அதை மாற்றவும் உங்களால் முடியாது. ஆனால் சம்பளச் சீட்டு அந்த வாங்கு வரைக்கும் வரக்கூடாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

பொஸ்ரன் என்ன செய்தது என்று பாருங்கள். அந்த ஏழாவது ஆட்டத்துக்கு முன்னால் அவர்களின் பயிற்சியாளர் ஜிம் மொன்கொமரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், பஸ்ரர்நாக் இன்னும் எழுந்து நிற்க வேண்டும் என்று. தன் அணியின் ஆகப் பெரிய ஆட்டக்காரரைப் பற்றி, வாழ்வா சாவா என்ற ஆட்டத்துக்கு முன்னால், ஒலிவாங்கிக்கு முன் நின்று அப்படிச் சொன்னார். கேட்டபோது எனக்கே கொஞ்சம் பதறியது. பஸ்ரர்நாக் கோபிக்கவில்லை. எங்கள் கோலுக்கு முன்னால் தனியாக வந்து நின்றார்.

சரி, இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன், பெரூபி அவர்களே? நீங்கள் இதை ஏற்கெனவே செய்து காட்டியவர். 2018 நொவெம்பரில் சென் லூயிஸ் அணியை இடைக்காலப் பயிற்சியாளராகப் பொறுப்பெடுத்தீர்கள். 2019 ஜனவரி தொடக்கத்தில் அந்த அணி 31 அணிகளில் கடைசியில் கிடந்தது. ஜூன் 12ஆம் திகதி பொஸ்ரனில், ஏழாவது ஆட்டத்தில், 4-1 என்று வென்று, லீக்கின் சம்பியனுக்குரிய ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கினீர்கள். நாங்கள் கடைசியாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்ற அதே 1967இல்தான் சென் லூயிஸ் அணி ஆடவே தொடங்கியது. அவர்களுக்கு அது முதல் கிண்ணம்.

அந்த வெற்றியில் எல்லோரும் பேசுவது பினிங்ரனைப் பற்றி. பருவம் தொடங்கும்போது சிறிய லீக்கில் இருந்த கோலி, அதாவது கோல் காப்பவர். ஜனவரியில் அவரை நிறுத்தினீர்கள், முதலாவது முழு ஆட்டத்திலேயே ஒரு கோலும் விடவில்லை. அதற்குப் பிறகு முதல் கோலியின் பெயரையோ சம்பளத்தையோ பார்க்காமல், பக்கை நிறுத்துகிறவர் யார் என்று மட்டும் பார்த்தீர்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அலெக்ஸாண்டர் ஸ்ரீனின் கதை. ஸ்ரீன் எங்கள் பிள்ளை. 2002இல் ரொறன்ரோ தெரிவு செய்த பையன், 2008இல் சென் லூயிஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். 2019இல் அவர் அந்த அணியின் மூத்தவர்களில் ஒருவர், துணைத் தலைவர், ஆண்டுக்கு ஐந்து மில்லியன் டொலருக்கு மேல் வாங்குபவர். அவரை நாலாவது வரிசையில் பார்பஷேவ், சுன்ட்க்விஸ்ற் என்ற இரண்டு இளையவர்களோடு ஆடவிட்டீர்கள். அவரும் ஆடினார். முகம் சுளித்ததாக யாரும் எழுதவில்லை. எதிரணியின் பெரிய வரிசையைக் களைக்க வைக்கும் வேலையை அந்த மூன்று பேரும் வசந்த காலம் முழுக்கச் செய்தார்கள்.

அப்படி ஒரு காட்சியை இந்த நகரத்தில் நான் பார்த்து எத்தனையோ காலம். பெரிய சம்பளக்காரர் ஒருவர் சின்ன வேலையைத் தலைநிமிர்ந்து செய்வது. அதற்கு அந்த ஆட்டக்காரர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. இது தனக்கு நேர்ந்த அவமானம் இல்லை, எல்லோருக்கும் உள்ள கணக்குத்தான் என்று அவர் நம்ப வேண்டும்.

இதை நான் படித்தது தொலைக்காட்சியில் இல்லை. என் மகனின் அணியில்.

அவன் ஸ்காபரோவில் ஹவுஸ் லீக் ஆடினான், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கான லீக். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அரீனா. நான் அப்போது களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அவனையும் அந்தப் பெரிய பையையும் ஏற்றிக்கொண்டு நேரே போவேன். ஸ்கேற்றுக்கு நாடா கட்ட எனக்குத் தெரியாது. முதல் நாள் நான் கட்டியது சப்பாத்துக்குக் கட்டுவதுபோல. பையன் ஐஸில் இறங்கியதும் கணுக்கால் இரண்டும் உள்ளே மடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு வயதான கயானாக்காரர் ஒன்றும் பேசாமல் குனிந்து, தன் முழங்காலுக்கு இடையில் அவன் காலை வைத்து, அடியிலிருந்து நாடா கோக்கும் ஒவ்வொரு கண்ணாக இழுத்து இறுக்கிக் காட்டினார். மேல் மூன்று கண்களும்தான் முக்கியம் என்றார். நாடா இழுத்து இழுத்து என் சுட்டுவிரலின் பக்கத்தில் வந்த காய்ப்பு இன்னும் இருக்கிறது.

அந்த லீக்கில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும். அடித்ததும் ஐஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் வாங்குக்கு வர வேண்டும், அடுத்த ஐந்து பேர் இறங்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை, கெட்டித்தனம் இல்லாத பிள்ளை என்று கிடையாது. என் மகன் அப்போது அணியில் வேகமானவன். ஒரு நாள் மணி அடித்த பிறகும் வரவில்லை. பக் அவனிடம் இருந்தது, கோலுக்கு ஓடினான், கோலும் போட்டான். நடுவர் அதைச் சேர்க்கவில்லை. பயிற்சியாளர், அவரும் எங்களைப்போல ஒரு பிள்ளையின் தகப்பன்தான், அவனை அடுத்த இரண்டு தடவையும் வாங்கில் இருத்திவிட்டார். கதவைத் திறந்து மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தட்டி அனுப்பினார். இவனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பிள்ளை இருந்தாள், விழாமல் ஒரு சுற்று வரமாட்டாள். அவளையும் அதே மாதிரித் தட்டி அனுப்பினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கோல் போட்ட பிள்ளையை இருத்துகிற கோச் எங்கே இருக்கிறார் என்று காரில் ஏறியதும் தொடங்கினேன். லீக்குக்கு எழுதப்போகிறேன் என்றேன். பின்னால் இருந்து அவன் சொன்னான், "அப்பா, நான்தான் இறங்கேல்லை. அவர் எல்லாருக்கும் அப்பிடித்தான்."

எல்லாருக்கும் அப்பிடித்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது விளங்கியது, அதனால் அவனுக்குக் கோபமே வரவில்லை. அந்த வருடம் அந்த அணியில் ஒரு பிள்ளையும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனதாக நான் காணவில்லை, தோற்ற நாள்களில்கூட.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கேட்பது பிழையாக விளங்கிக்கொள்ளப்படும். ஒரே கணக்கு என்று நான் சொல்வது கடுமையை இல்லை. கடுமையை இந்த அணி நிறையவே பார்த்துவிட்டது. மார்னர் புதுமுகமாக வந்த பருவத்தில், அப்போதைய பயிற்சியாளர் அவரிடம் சக ஆட்டக்காரர்களை உழைப்பின்படி வரிசைப்படுத்தி எழுதித் தரச் சொன்னார். பிறகு அந்த வரிசை மற்றவர்களுக்கும் தெரியவந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை. அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் பின்னால் போனால் ஃபிராங்க் மஹோவ்லிச் இருக்கிறார். ஒரே பருவத்தில் 48 கோல் போட்ட பெரிய ஆட்டக்காரர். பயிற்சியாளர் பன்ச் இம்லாக்கின் கெடுபிடியில் வருடக்கணக்காக வாடினார், 1964இல் மனச்சோர்வோடு மருத்துவமனையில் இருக்க வேண்டி வந்தது. 1968இல் அவரை டெற்றொயிற்றுக்கு அனுப்பினார்கள். பிறகு மொன்றியலோடு இரண்டு கிண்ணம் வென்றார். நாங்கள் அன்றிலிருந்து ஒன்றும் வெல்லவில்லை.

நீங்கள் நேரே முகத்துக்குப் பேசுகிறவர் என்று உங்களிடம் ஆடியவர்கள் சொல்கிறார்கள். அது நல்லது. கதவைச் சாத்திக்கொண்டு நேரே பேசுங்கள், யாருடைய தலையையும் மற்றவர்களுக்கு முன்னால் குனிய வைக்காதீர்கள்.

இம்லாக்கிடம் குறை இருந்தாலும், 1967 மே 2ஆம் திகதி அவர் செய்த ஒன்றை நான் எத்தனை தடவை பழைய படச்சுருளில் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மொன்றியலோடு ஆறாவது ஆட்டம், 2-1 என்று முன்னிலை, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கிறது, நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவது எங்கள் கோலுக்குப் பக்கத்தில். மொன்றியல் தன் கோலியை வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கிவிட்டது. இம்லாக் யாரை அனுப்பினார்? கிழவர்களை. பக் போடும்போது எதிரே நின்றவர் பெரிய ஜோன் பெலிவோ. அவருக்கு எதிராக அலன் ஸ்ரான்லியை நிறுத்தினார், 41 வயதுத் தடுப்பாட்டக்காரர். பெலிவோ பக்கைத் தொட முடியவில்லை. பக் ரெட் கெலிக்குப் போய், புல்ஃபோர்டிடம் போய், அங்கிருந்து அணித்தலைவர் ஜோர்ஜ் ஆம்ஸ்ரோங்கிடம் வந்தது. அவர் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே வெறும் கோலுக்குள் அனுப்பினார். 3-1.

அந்த ஆட்டம் நடந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம் கார்ல்ற்றன் வீதியில் அப்படியே நிற்கிறது. உள்ளே இப்போது பல்பொருள் அங்காடி. அங்கே 25ஆம் வரிசையில் தரையில் ஒரு சிவப்புப் புள்ளி போட்டிருக்கிறார்கள், ஐஸின் நட்டநடு இருந்த இடம். நகரத்துக்கு உறவினர் யாராவது வந்தால் நான் அங்கே கூட்டிக்கொண்டு போவேன். போன மாதமும் போனேன். ஒரு பெண் தள்ளுவண்டியை அந்தப் புள்ளியின் மேலே நிறுத்திவிட்டு விலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நகரும்வரை காத்து நின்றேன். பிறகு குனிந்து தொட்டேன், கோயில் வாசற்படியைத் தொடுவதுபோல.

ஆம்ஸ்ரோங்கின் தாய் ஒஜிப்வே இனத்தவர். உங்களுக்கு அல்பேர்டாவின் கலஹூ, உங்கள் பரம்பரையில் கிரீ இரத்தம் இருக்கிறது. இந்த மண்ணின் முதற்குடிகளில் இருந்து வந்த ஒருவர் கடைசிக் கோலைப் போட்ட அணிக்கு, அப்படி வந்த இன்னொருவர் இன்று பயிற்சியாளர். இதை நான் ஒரு சகுனமாகச் சொல்லவில்லை. சொந்த மண் என்றால் என்ன என்று தெரிந்த சனம் நாங்கள், அதனால் இது எங்கள் கண்ணில் படுகிறது.

உங்களுக்கு இந்த நகரம் புதிதும் இல்லை. 1991-92இல் நீங்களே நீலச் சட்டை போட்டு ஆடினீர்கள். 1992 ஜனவரி 2ஆம் திகதி பத்துப் பேர் கைமாறிய அந்தப் பெரிய பேரத்தில் உங்களைக் கல்கரிக்கு அனுப்பினார்கள், டக் கில்மோர் இங்கே வந்தார். கில்மோருக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து பேரில் ஒருவர் என்றுதான் இங்கே உங்களை நினைவில் வைத்திருக்கிறார்கள். பெரிய பெயர்காரருக்காக ஓரமாக வைக்கப்பட்டவனின் மனம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1,054 ஆட்டம், மூவாயிரத்துக்கு மேல் தண்டனை நிமிடம். நாலாவது வரிசையில் இருந்து ஐஸைப் பார்த்தவர் நீங்கள். இந்த அணிக்கு வேண்டியது அந்தக் கண்தான்.

சவார்ட் அவர்களே, உங்களிடம் தனியாக இரண்டு விடயம். முதலாவது பவர் பிளே. நீங்கள் ஆடிய காலத்தில், அட்லான்ராவிலும் பொஸ்ரனிலும் அடுத்தடுத்த பருவங்களில் (போட்ட கோலும் போட உதவியதும் சேர்த்து) 97, 96 புள்ளி எடுத்தவர், பக்கை யாருக்கு எப்போது கொடுப்பது என்று கைப்பழக்கமாகவே தெரிந்தவர். என் கோரிக்கை சின்னது. பவர் பிளேக்கு இறங்கும் இரண்டாவது ஐவருக்கும் உண்மையான நேரம் கொடுங்கள். முதல் ஐவர் ஒரு நிமிடம் பத்து வினாடி சுற்றிவிட்டு, களைத்த பிறகு மிச்சத்தைக் கொடுப்பது நேரம் கொடுப்பது இல்லை. முதல் ஐவருக்குச் சரிவராத இரவில் இரண்டாவது ஐவர் முதலில் இறங்கட்டும். அது தண்டனை இல்லை, கணக்கு.

இரண்டாவது, ஆட்டத்தைப் பற்றியதே இல்லை. 2010 மார்ச்சில் உங்கள் தலையில் விழுந்த அந்த அடியை நான் நேரலையில் பார்த்தேன். மே மாதம் திரும்பி வந்து மேலதிக நேரத்தில் வெற்றிக் கோல் போட்டீர்கள். 2011 ஜனவரியில் இன்னோர் அடி, அதோடு ஆட்டமே முடிந்தது. அந்த வருடம் பொஸ்ரன் வென்ற கிண்ணத்தில் உங்கள் பெயரும் பொறிக்கப்பட வேண்டும் என்று உங்கள் அணி கேட்டு வாங்கியது. பிறகு வந்த இருளையும் பயத்தையும் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறீர்கள். என் மகனுக்குப் பதின்மூன்று வயதில் தலையில் அடிபட்டது. ஐஸைச் சுற்றியுள்ள பலகையில் மோதினான், எழுந்தான், ஒன்றும் இல்லை என்றான். நானும் நம்பினேன். இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தினான். அடுத்த ஆட்டத்தை விடவேண்டி வரும் என்று மறைத்திருக்கிறான். ஒன்ராறியோவில் 2018இல் இதற்கென்றே ரோவன் சட்டம் என்று ஒன்று வந்தது. சந்தேகம் இருந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் சட்டத்தைக் கேட்பதில்லை, உங்களைப் போன்றவர்களைக் கேட்பார்கள். பருவத்தில் ஒரு நாளாவது பிள்ளைகள் ஆடும் ஓர் அரீனாவுக்குப் போய், மறைக்காதே என்று நீங்கள் உங்கள் வாயால் சொன்னால், ஓர் ஆட்டத்தை வென்றதைவிட அது எனக்குப் பெரிது.

லம்பேர்ட் அவர்களே, 2018இல் வொஷிங்ரன் கிண்ணம் வென்றபோது நீங்கள் அங்கே துணைப் பயிற்சியாளர். அதற்கு அடுத்த பருவம் நியூயோர்க் ஐலண்டர்ஸுக்குப் போனீர்கள். முந்திய பருவத்தில் லீக்கிலேயே ஆகக் கூடிய கோல் விட்ட அணி, நீங்கள் போன பருவத்தில் ஆகக் குறைவாக விட்டது. ஒரே கோடையில் ஓர் அணியின் பழக்கத்தை மாற்றலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை. வான் ரின் அவர்களே, நீங்கள் 2019இல் பெரூபியோடு இருந்தவர், ரொறன்ரோவிலும் ஒரு வருடம் இருந்துவிட்டீர்கள். இரண்டு பக்கத்தையும் அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான், சொல்ல வேண்டியதை உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். சான்ஃபோர்ட் அவர்களே, வோல், ஸ்ரோலார்ஸ் என்று இரண்டு கோலிகள். இருவருக்கும் நீண்ட பருவம் பழக்கமில்லை. வோல் ஏழாவது ஆட்டத்துக்கு இல்லாமல் போனதை நாங்கள் மறக்கவில்லை. ஏப்ரலில் ஒருவராவது முழு உடம்போடு நிற்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், இது உங்கள் கையில் முழுதாக இல்லை என்றாலும். உள்ளே போய் ஆட்டம் பார்க்க எங்களைப் போன்றவர்களுக்கு வசதி இல்லை. இருபத்துச் சொச்ச வருடத்தில் நான் போனது மூன்று தடவை. ஸ்காபரோவில் வளர்ந்த வெய்ன் சிமண்ட்ஸ் நீலச் சட்டையோடு ஆடியபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எப்படிக் கதைத்தார்கள் தெரியுமா? ஹொக்கியைப் பஞ்சாபி மொழியில் 2008 முதல் ஒளிபரப்புகிறார்கள், அதனால் அந்தச் சமூகத்தில் பாட்டன் பாட்டிமாரும் ஆட்டத்துக்குள் வந்தார்கள். எங்கள் அம்மாமார் தாமாகவே வந்திருக்கிறார்கள். பயிற்சி முகாமில் ஒரு நாளை எங்கள் பக்கத்து அரீனா ஒன்றில் வையுங்கள் என்று மேலே இருப்பவர்களிடம் நீங்கள் கேட்டால், மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கிண்ணத்தை இந்த வருடமே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு வாக்குறுதியை நீங்களும் தர வேண்டாம், நிறைய வாங்கி வைத்திருக்கிறோம்.

ஓகஸ்ற் மாதம் ரவாரஸ் தலைவர் பதவியை மத்தியூஸிடம் கொடுத்தார். பக்கத்திலேயே நின்று, கையைக் குலுக்கி, சிரித்த முகத்தோடு கொடுத்தார். ஸ்ரீனை நினைத்துக்கொண்டேன். அந்தக் குணம் இந்த அணிக்குள் ஏற்கெனவே இருக்கிறது, வெளியில் இருந்து கொண்டுவரத் தேவையில்லை.

ஒக்டோபர் 9ஆம் திகதி மொன்றியலில் முதல் ஆட்டம். நாங்கள் வழக்கம்போலக் கீழ்வீட்டில் இருப்போம். அம்மாவின் கதிரை தொலைக்காட்சிக்கு நேரே. மகன் வருவானோ தெரியாது, கேட்டதற்கு "பாப்பம்" என்றான். நான் அன்று கோல் கணக்கைவிட இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் நடுக்கோட்டில் சோம்பலாக ஒரு பக்கை விட்டுவிட்டு வாங்குக்கு வருவார், எப்படியும் ஒரு தடவை அது நடக்கும். அப்போது நீங்கள் அவர் பக்கத்தில் குனிந்து காதில் ஏதோ சொல்லிவிட்டு, அடுத்த முறை கதவை வேறு ஒருவருக்குத் திறந்தீர்கள் என்றால், மகனுக்கு உடனே குறுஞ்செய்தி அனுப்புவேன்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு லீஃப்ஸ் ரசிகன்